மீள்வது இழிவா?

அனகாபுத்தூரில், தறியோசை இன்னும் முற்றாக ஓய்ந்துவிடாத தெரு ஒன்றன் முனையில், சிறியதொரு கணிப்பொறி அச்சுக்கோப்புக் கடை உள்ளது. மண அழைப்பிதழ், நீத்தார் நினைவிதழ், நெசவாளர் கணக்குச் சிட்டை, நம்போன்றோர் அவ்வப்போது வெளியிடும் துண்டறிக்கை ஆகியவையே அங்கு நடக்கும் வேலை. கடைக்காரர் நெசவுக் குடியிற் பிறந்தவர். தந்தை தறியில் அமர்ந்த அகவையில் இவர் விசைப்பலகைமுன் அமர்ந்தார். இருபதாண்டுகளுக்கு மேலாக அவர் கோத்த எழுத்தெல்லாம் அந்த ஒரு பெட்டிக்குள் இருந்தன.

ஒருநாள் இரவு கடையைப் பூட்டிச் சென்றார். மறுநாட் காலை வந்து பார்க்கையில் பெட்டி தானே தன்னை ‘மேம்படுத்தி’க் கொண்டிருந்தது. திரையில் புதிய படம், புதிய வரவேற்பு, மூலைகள் வளைந்த புதிய சாளரங்கள். தமிழ் மட்டும் இல்லை! அவர் நாள்தோறும் தட்டெழுதும் பழைய தமிழ் மென்பொருள் திறக்க மறுத்தது. அதன் விசைப்பலகைச் செயலியைப் புதிய தளம் ஏற்கவில்லை. எழுத்துருக்கள் கண்ணிற்படவில்லை. கோப்புகள் அழியவில்லை; இருந்த இடத்திலேயே இருந்தன. ஆயின் ஒவ்வொன்றும் திறந்தவுடன் கொம்பும் குறியும் முளைத்த உரோமன் எழுத்துகளாய்ப் பல்லிளித்து நின்றது. இருபதாண்டு உழைப்பும் ஒரே இரவில் ஊமையாயிற்று.

அந்த இயங்குதளம் எந்த நிறுமத்தது என்று கேளாதீர். பெயர் சொல்வதால் ஆவதொன்றில்லை. பெயர் மாறினாலும் நோய் மாறவில்லை. பழுதுபார்க்க வந்த இளைஞர் அரைமணி நேரம் முயன்றபின் கைவிரித்துச் சொன்னார்: “திரும்பிப் போற வழியை மூடிட்டாங்க ஐயா. முழுசா அழிச்சிட்டுப் பழசைப் போட்டாத்தான் உண்டு. தரமிறக்கணும்.”

தரமிறக்கணும்! அந்த ஒரு சொல்லே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

அன்பர்களே, ஒரு சொல்லை ஆள்பவன் அச்சொல்லால் குறிக்கப்படும் பொருளையும் ஆள்கிறான் என்பது தனித்தமிழ் அன்பர்க்குப் புதிய செய்தியன்று. வடசொல்லை உயர்ந்தோர் வழக்கென்றும் தமிழ்ச் சொல்லைத் தாழ்ந்தோர் வழக்கென்றும் பெயரிட்டே நம்மை நம் வீட்டுத் திண்ணையில் நிறுத்தினர். அதே சூழ்ச்சிதான் இங்கும் நடக்கின்றது. விற்பவன் கொண்டுவந்து திணிப்பது ‘தர உயர்வு’. அது வேலைக்காகாது என்று கண்டு நாம் பழையதற்குச் செல்வது ‘தரமிறக்கம்’. எவன் வைத்த தரம் இது? எந்த அளவுகோலால் அளந்தான்? நேற்று வரை தமிழ் எழுதிய பெட்டி இன்று எழுதவில்லை. அஃது உயர்வாம்! நாளை மீண்டும் எழுதச் செய்தால் அஃது இறக்கமாம்! ஆங்கிலத்தில் விற்பனைக்காரன் சொன்னதை ஒருவன் அப்படியே தமிழாக்கினான். நாமும் எண்ணிப் பாராமல் வாயில் போட்டு மென்றுகொண்டிருக்கிறோம்.

தறியை எண்ணிப் பாருங்கள். பாவில் ஊடை ஓடிக்கொண்டிருக்கும்போது ஓரிழை பிசகிவிடுகிறது. கரையோ கட்டமோ தவறிவிடுகிறது. நெசவாளன் என்ன செய்வான்? நாடாவை நிறுத்தி, பிசகிய இடம் வரை ஊடையைப் பிரித்துப் பின்னே வருவான். அங்கிருந்து மறுபடி நெய்வான். நான்கு விரற்கடை துணி குறைந்ததென்று அவனை யாரேனும் ‘இறங்கியவன்’ என்பரோ? பிரித்து நெய்யத் தெரிந்தவனே தொழில் தெரிந்தவன். பிழையோடு முன்னே ஓட்டுகிறவனைத்தான் இவ்வூரில் ஏளனம் செய்வர். ஆகவே இச்செயலுக்கு ‘மீளல்’ என்பதே பொருந்திய பெயர். இயங்குதளத்தை முன்னைய நிலைக்கு மீட்டல் என்க. மீள்நிறுவல் என்றாலும் குற்றமில்லை. தரமிறக்கம் என்பது பழிச்சொல். அதை விட்டொழிக்க வேண்டும்.

இது வெறும் சொல்லாய்வு என்று ஒதுக்குவோர்க்கு 2007-ஆம் ஆண்டை நினைவூட்டுகிறோம். அவ்வாண்டுத் தொடக்கத்தில் மைக்குரோசாப்ட்டு நிறுமம் ‘விசுட்டா’ என்னும் இயங்குதளத்தைப் பொதுமக்களிடை விற்பனைக்குக் கொணர்ந்தது. முன்னிருந்த ‘எக்சு.பி.’யைவிடப் பலவாற்றானும் உயர்ந்தது எனப் பறையறைந்தது. வாங்கியோர் கண்டது என்ன? கணிப்பொறிகள் திணறின, அச்சுப்பொறிகளும் பிற துணைக் கருவிகளும் பல இடங்களில் இணங்கவில்லை, ஒவ்வொரு செயலுக்கும் இசைவு கேட்டுக் கேட்டுத் திரை நச்சரித்தது. மக்கள் பழையதையே கேட்டனர். ஏப்பிரல் திங்களுக்குள் டெல் நிறுமம், நுகர்வோர் வேண்டியதால், வீட்டுக் கணிப்பொறிகள் சிலவற்றில் மீண்டும் எக்சு.பி.யையே தரத் தொடங்கிற்று. மைக்குரோசாப்ட்டே என்ன செய்தது தெரியுமா? விசுட்டாவின் விலைமிகுந்த வகைகளை வாங்கியோர்க்கு மட்டும் எக்சு.பி.க்குச் செல்லும் உரிமையை வழங்கியது. அவ்வுரிமைக்கு அவர்கள் வைத்த பெயர்தான் ‘தரமிறக்க உரிமை’! புதியதற்கு விலை கொடுத்தால்தான் பழையதற்குத் திரும்பலாம். அதுவும் உயர்விலை கொடுத்தால். வீட்டுக்கென்று மலிவான வகையை வாங்கிய எளியவனுக்கு அவ்வுரிமையும் இல்லை. மூன்றாண்டு நிறையுமுன்னரே, 2009 அக்டோபரில், ‘விண்டோசு 7’ வந்தபின் விசுட்டாவைப் பற்றிப் பெருமை பேச ஆளில்லை. அப்படியாயின் 2007-இல் மீண்டவர்கள் தாழ்ந்தவரா, தெளிந்தவரா?

அன்றேனும் விலைக்காவது வழியிருந்தது. பின்னர் அவ்வழி குறுகிக்கொண்டே வந்தது. 2015-இல் விண்டோசு 10 வந்தபோது, மேம்படுத்திய பின் ஒரு திங்கள் வரை முன்னைய தளத்திற்குத் திரும்பலாம் என்றனர். மறு ஆண்டே அதைப் பத்து நாளாகச் சுருக்கினர். முன்னைய தளத்தின் கோப்புகளை வன்தட்டின் ஓர் அடைவில் ஒதுக்கி வைத்திருப்பர். குறித்த நாள் கடந்தால் இடம் மிச்சப்படுத்துவதாகக் கூறிப் பெட்டியே அதை அழித்துவிடும். பத்து நாளில் ஒருவன் என்ன கண்டுபிடிப்பான்? அச்சுக்கடைக்காரன் ஆண்டுக்கொரு முறை திறக்கும் கோப்பு ஆண்டிறுதியில்தான் திறக்கப்படும். கணக்குப் பார்ப்பவன் பங்குனியில்தான் பழைய கணக்கைத் தேடுவான். கொத்தன் கட்டிய சுவர் ஒரு மழையைப் பார்த்த பின்பே நல்லதா கெட்டதா என்று தெரியும். பத்து நாள் வெயிலில் எந்தச் சுவரும் நிற்கும்!

2018 அக்டோபரில் நடந்தது இன்னும் கொடிது. அத்திங்கள் வெளிவந்த விண்டோசு 10-இன் புதுப்பிப்பு, சிலருடைய ஆவணங்களையும் படங்களையும் கேளாமலே அழித்துவிட்டது. முறையீடுகள் குவிந்தபின் சில நாள்களில் அதை நிறுத்தி வைத்தனர். திருத்தி, நவம்பரில் மீண்டும் விட்டனர். முன்னோட்டம் பார்த்தோருள் சிலர் இக்குறையை முன்னரே சுட்டியிருந்தனர் என்பதும் வெளிவந்தது. பார்த்தீர்களா, தம் வீட்டில் தாமே தீ வைத்துப் பார்க்கும் ஆய்வுக்கூடமாக உலகத்தார் அனைவரையும் ஆக்கி வைத்திருக்கின்றனர். ஆய்வுக்கூடத்து எலிக்காவது உணவு போடுவர். இங்கே எலியே விலை கொடுக்கிறது.

கைப்பேசியிலோ மீளும் வழியே இல்லை எனலாம். ஆப்பிள் நிறுமம் புதிய தளத்தை வெளியிட்டபின் சிறிது நாளில் பழையதற்கு ஒப்பமிடுவதை நிறுத்திவிடுகிறது. அந்நிறுமத்தின் ஒப்பம் இல்லாத தளத்தை அக்கருவி ஏற்காது. அதாவது, நீர் விலைகொடுத்து வாங்கிய கருவியில் எது ஓடலாம் என்பதற்கு ஒவ்வொரு முறையும் கடல்கடந்த ஓர் அலுவலகம் கையொப்பமிட வேண்டும். ஆண்ட்ராய்டுக் கருவிகள் பலவற்றிலும் பின்செல்லாத் தடை ஒன்று உள்ளே பொருத்தப்பட்டுள்ளது. இதனை உடைமை என்பதா, குத்தகை என்பதா?

இவ்வழக்கம் முறையற்றது என்று நாம் மட்டும் கூக்குரலிடவில்லை. இத்தாலி நாட்டின் போட்டி, சந்தைக் கண்காணிப்பு ஆணையம் 2018 அக்டோபரில் ஆப்பிளுக்கு ஒரு கோடி யூரோவும் சாம்சங்குக்கு ஐம்பது இலக்கம் யூரோவும் தண்டம் விதித்தது. பழைய கைப்பேசிகளை வைத்திருந்தோரைப் புதிய தளத்துக்கு மாறத் தூண்டினர். அதனால் கருவி தளர்ந்தது. முன்னைய நிலைக்கு மீட்கும் வழியையும் தரவில்லை என்பதே குற்றச்சாட்டு. ஈண்டுக் கூர்ந்து நோக்க வேண்டியது கடைசிக் கூறு: மீளும் வழியைத் தராமையும் குற்றத்தின் ஒரு பகுதியாயிற்று! அவ்விரு நிறுமங்களின் ஊதியத்தில் இத்தொகை கடலில் கரைத்த பெருங்காயம்தான். ஆயினும் ஓர் அரசு அமைப்பு அதைக் குற்றம் என்று எழுதியதே, அதுதான் நமக்கு வேண்டுவது. இந்திய ஒன்றியத்திலோ 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கின்றது. 2022-இல் ‘பழுதுபார்க்கும் உரிமை’க்கென ஒரு குழுவும் அமைத்தனர். அவ்வுரிமைப் பேச்சில் திருகாணியும் மின்கலமும் இடம்பெறுகின்றன. இயங்குதளத்தை மீட்கும் உரிமையை அதில் உரக்கக் கேட்பார் யார்?

இனி, எதிர்ப்போர் கூற்றையும் கேட்போம். “பழைய தளம் பாதுகாப்பற்றது, நச்சு நிரல்கள் புகும், ஆகவே புதியதற்கு மாறுவதே நலம்” என்பர். இதில் உண்மை உண்டு. மறைப்பது நம் வழக்கமன்று. 2017 மே திங்களில் ‘வன்னாகிரை’ என்னும் பிணைநிரல் உலகெங்கும் புகுந்து மருத்துவமனைகளைக்கூட முடக்கிற்று. பாதுகாப்புத் திருத்தம் இடாத கணிப்பொறிகளே அதற்கு இரையாயின. எனவே பழைய தளத்தை அப்படியே இணையத்தில் திறந்து போட்டுக்கொண்டு உட்கார் என்று நாம் எவர்க்கும் சொல்லவில்லை. ஆயின் அந்நிகழ்ச்சியே வேறொன்றையும் காட்டிற்று. எக்சு.பி.க்கு 2014 ஏப்பிரல் 8-ஆம் நாளோடு கதவடைத்துவிட்டோம், இனித் திருத்தம் இல்லை என்று சொல்லியிருந்தவர்கள், 2017-இல் உலகம் அலறியதும் ஓரிரு நாளில் அதே எக்சு.பி.க்குத் திருத்தம் வெளியிட்டனர். இயலாது என்றது பொய். மனமில்லை என்பதே மெய். ஓட்டையை அடைக்கும் திருத்தம் வேறு, வீட்டையே இடித்துப் புதுவீட்டில் குடியேற்றுவது வேறு. கூரை ஒழுகுகிறது என்றால் ஓடு மாற்று. அதைச் சாக்கிட்டு என் அடுப்படியை ஏன் தெருவில் எறிகிறாய்? இவ்விரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி, ‘பாதுகாப்பு’ என்று மேலே எழுதி விற்பதைத்தான் எதிர்க்கிறோம்.

மேலும், இந்த இடி எல்லார் தலையிலும் ஒரே அளவாக விழுவதில்லை. ஆங்கிலத்தில் 1990-இல் எழுதிய கோப்பை இன்றும் திறந்து படிக்கலாம். அவன் எழுத்துக்கு உலகம் முழுவதும் ஒரே எண். தமிழின் நிலை என்ன? ஒவ்வொரு மென்பொருளாளரும் தத்தமக்கு ஒரு குறியேற்றம் வகுத்தனர். ‘அ’வுக்கு ஒருவர் ஓர் எண்ணைத் தந்தார், அடுத்தவர் வேறோர் எண்ணைத் தந்தார். உரோமன் எழுத்துக்குரிய இருக்கையில் தமிழெழுத்தின் படத்தை அமர்த்தி ஒப்பேற்றிய ஏற்பாடு அது. எழுத்துரு இருக்கும் வரை தமிழாகத் தெரியும். எழுத்துருவை எடுத்துவிட்டால் அடியிலிருக்கும் உரோமன் வெளிப்பட்டுவிடும். அனகாபுத்தூர்க் கடையில் அன்று பல்லிளித்தது அதுதான்.

இதனைச் சீராக்கவே 1999 பிப்பிரவரியில் சென்னையில் தமிழிணைய மாநாடு கூடிற்று. தமிழ்99 விசைப்பலகையும் தாம், தாப் என்னும் குறியேற்றங்களும் அதன் வழி வந்தன. அதற்கு முன்னரே இணையத் தமிழர் பலர் திசுக்கி என்னும் குறியேற்றத்தை வகுத்துப் புழங்கினர். உலகப் பொதுவான ஒருங்குறியில் 1991-இலேயே தமிழுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. ஆயின் நடுவணரசின் இசுக்கி அமைப்பைப் பின்பற்றி, எல்லா இந்திய மொழிகளுக்கும் ஒரே வார்ப்பில், தமிழின் உயிர்மெய் இயல்பைக் கருதாமல் அவ்விடம் வகுக்கப்பட்டது. 2010 சூன் திங்கள் கோவைச் செம்மொழி மாநாட்டையொட்டித் தமிழ்நாட்டரசு ஒருங்குறியையும், 16-பிட்டு அனைத்தெழுத்துக் குறியேற்றத்தையும் தரமாக அறிவித்தது. அறிவித்தது என்பதோடு பலர் கடமை முடிந்ததென்று இருந்துவிட்டனர். அரசு அலுவலகங்களிலேயே அதன் பின்னும் ஆண்டுக்கணக்கில் பழைய எழுத்துருக்களில்தான் கோப்புகள் தட்டெழுதப்பட்டன. தமிழறிஞர் தொகுத்த நூல்கள், சிற்றிதழ்கள், மலர்கள் எல்லாம் ‘பேச்மேக்கர்’ என்னும் பக்க அமைப்பு மென்பொருளில், இன்னொருவனுக்குப் புரியாத குறியேற்றத்தில் புதைந்து கிடக்கின்றன. அந்தப் பேச்மேக்கரின் இறுதிப் பதிப்பே 2001-இல் வந்ததோடு நின்றுபோயிற்று.

இப்போது இயங்குதள மாற்றம் இக்குவியலின்மீது என்ன செய்கிறது என்று பாருங்கள். 1990-களில் எழுதிய தமிழ் மென்பொருள்களிற் பல 16-பிட்டு நிரல்கள். 64-பிட்டு விண்டோசு எதுவும் அவற்றை ஓட்டாது. விண்டோசு 11-க்கு 32-பிட்டு வடிவமே கிடையாது. பூட்டுக்கருவி செருகினால்தான் திறக்கும் மென்பொருள்கள் சில உண்டு. அக்கருவியைச் செருகும் பழைய துளையே இன்றைய பெட்டிகளில் இல்லை. அடோபி நிறுமம் 2023 சனவரியோடு ‘வகை-1’ எழுத்துருக்களுக்கான ஆதரவைத் தன் மென்பொருள்களில் நிறுத்திவிட்டது. பழைய அச்சகத் தமிழ் எழுத்துருக்களில் அவ்வகையும் உண்டு. ஒவ்வொன்றும் தனித்தனியே சிறிய செய்தி. சேர்த்துப் பாருங்கள்: ஒரு தலைமுறைத் தமிழெழுத்து முழுவதும் பழைய இயங்குதளம் என்னும் ஒற்றை ஆணியில் தொங்குகிறது. அந்த ஆணியைப் பிடுங்குவதற்குத்தான் ‘தர உயர்வு’ என்று பெயர்.

குற்றம் முழுவதையும் அயலான் தலையில் கட்டிவிட்டு நாம் கைகழுவலாகாது. தமிழுணர்வு பேசியே தமிழ் மென்பொருள் விற்றோர் பலர் தம் குறியேற்ற அட்டவணையை மறைபொருளாகப் பூட்டி வைத்தனர். தன் எழுத்துருவை வாங்கியவன் வேறு எழுத்துருவுக்குப் போய்விடலாகாது என்னும் கடைக்காரப் புத்தி! அயல்நாட்டு நிறுமம் செய்வதை உள்நாட்டான் சிறிய அளவிற் செய்தான், அவ்வளவே வேறுபாடு. நாமும் திருட்டுப் படிகளை நிறுவிக்கொண்டு, வந்தவரை போதும் என்றிருந்தோம். விலைகொடுத்து வாங்காதவன் முறையிடவும் நாவின்றி நின்றான்.

ஒரே ஒரு வாங்குவோனை நம்பி நின்றால் என்ன ஆகும் என்பதை அனகாபுத்தூர் நெசவாளர்க்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. இவ்வூர்த் தறிகளில் நெய்த சென்னைக் கட்டத் துணி ஒரு காலத்தில் நைசீரியாவுக்குச் சென்றது. அவ்வாணிகம் அறுந்தபோது ஊரே தறியைப் பார்த்துத் திகைத்தது. பின்னரே வாழைநார் முதலிய இயற்கை நார்களை இழையாக்கிச் சேலை நெய்து புதுவழி கண்டனர் சிலர். துணியில் கற்ற பாடத்தை எழுத்தில் ஏன் மறந்தோம்?

இதோ, 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோசு 10-க்கான இயல்பான ஆதரவும் முடிந்தது. விண்டோசு 11 வேண்டுமாயின் தனிப் பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் நுண்செயலியாயின் பொதுவாக எட்டாம் தலைமுறை முதற்கொண்டே ஏற்போம் என்கின்றனர். நன்றாக ஓடும் கணிப்பொறிகள் எத்தனையோ இவ்வளவையில் ‘தகுதியற்றவை’ ஆயின. தகுதியற்ற எந்திரத்தில் வற்புறுத்தி ஏற்றினால் சிக்கல், ஏற்றாவிட்டால் அச்சம், ஏற்றிவிட்டு மீண்டாலோ திருத்தமில்லாத பழையது. முக்கவர் வழியில் மூன்றும் முள்.

நான்காவது வழி ஒன்று உண்டு. அது புதிதன்று, நம் மண்ணிலேயே கால்கொண்டது. 1983-இல் அறிவிக்கப்பட்ட குனு திட்டமும் 1991-இல் தோன்றிய இலினக்சுக் கருவும் சேர்ந்த கட்டற்ற இயங்குதளத்தை எவரும் படியெடுக்கலாம், திருத்தலாம், பகிரலாம். அதனடியாக ‘பாசு’ என்னும் தளத்தை நடுவணரசின் உயர்நிலைக் கணிப்பு வளர்ச்சி நடுவம் உருவாக்கியது, வேறெங்குமன்று, சென்னையிலேயே! தமிழ்நாடு மின்னணு நிறுவனமாகிய எல்காட்டு 2007 அளவில் இலினக்சின் பக்கம் துணிந்து திரும்பியது. 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோசும் பாசும் இணைந்தே வந்தன. 2014-இல் எக்சு.பி. கைவிடப்பட்டபோது துறைகளெல்லாம் பாசுக்கு மாறவேண்டும் என்று அரசே அறிவுறுத்தியது. இத்தனை படி ஏறிய நாம் ஏன் மேலே செல்லவில்லை? மடிக்கணினி வாங்கிய மாணவர்களில் எத்தனை பேர்க்கு அதனுள் இரண்டாவது தளம் ஒன்றிருப்பதை யாரேனும் காட்டினர்? சொல்லித்தர ஆசிரியர்க்குப் பயிற்சியில்லை. தேர்வில் அதற்கு இடமில்லை. பக்கத்திலுள்ள கேரளம் தன் பள்ளிக் கணிப்பொறிக் கல்வியைக் கட்டற்ற மென்பொருளின்மேலேயே நிறுத்திக் காட்டிவிட்டது. மலையாளத்தான் செய்ததைத் தமிழன் செய்யலாகாதென்று எந்த நூலில் எழுதியிருக்கிறது?

இலினக்சில் மேம்படுத்தினால் எதுவும் கெடாது என்று நாம் பொய்ச்சான்று கூறமாட்டோம். அங்கும் கெடும். பாசுக்கு அடித்தளமான டெபியனில்கூட முழுத்தளத்தையும் ஒரே சொடுக்கில் பின்னுக்கு இழுப்பது இயல்வதன்று. புதிதாக நிறுவுவதே முறை. ஆயின் பழைய பதிப்புகள் அனைத்தும் பொதுக் களஞ்சியத்தில் இருக்கின்றன. பழைய கருநிரல் தொடக்கப் பட்டியலிலேயே காத்திருக்கிறது. புதியது எழவில்லையாயின் பழையதைத் தேர்ந்து எழுப்பலாம். ஒப்பம் கேட்டு எவன் வாயிலிலும் நிற்க வேண்டா. நாள் கணக்கும் இல்லை.

அரசு இனிக் கணிப்பொறி வாங்கும் ஒவ்வோர் ஒப்பந்தத்திலும், மேம்படுத்திய ஓராண்டு வரையேனும் முன்னைய தளத்திற்கு மீட்டுத் தரும் பொறுப்பு விற்பவனுடையது என்று எழுதப்பட வேண்டும். எழுதாத நிறுமத்திடம் வாங்க வேண்டா. பழைய எழுத்துருக் கோப்புகள் அனைத்தையும் ஒருங்குறிக்கு மாற்றித் தரும் நிலையம் ஒன்றை, கட்டணமின்றி, தமிழ் வளர்ச்சித்துறை நடத்தவேண்டும். சிலைக்கும் தோரணத்திற்கும் ஆகும் செலவில் ஒரு சிறு பங்கு இதற்குப் போதும்.

அரசு செய்யும் வரை நம்மவர் கைகட்டி இருத்தலும் ஆகாது. இதழ் நடத்துவோர், அச்சகத்தார், நூல் தொகுப்போர் ஆகியோர்க்கு ஒரு சொல். மேம்படுத்தும் முன் வன்தட்டு முழுவதையும் அப்படியே வேறொரு தட்டில் படியெடுத்து வையுங்கள். மீள்வதற்கு அதுவே உண்மையான வழி. பழைய மென்பொருளின் குறுந்தட்டையும் எழுத்துருக்களையும் எறியாதீர்கள். பழைய தளம் கட்டாயம் வேண்டுமெனில் தனிப் பெட்டியிலோ, இருக்கும் பெட்டிக்குள் மெய்நிகர்ப் பொறியாகவோ நிறுவி, இணையத் தொடர்பை அறுத்து, கோப்புகளைத் திறப்பதற்கு மட்டும் பயன்படுத்துங்கள். திறந்ததும் முதல் வேலையாக ஒருங்குறிக்கு மாற்றி, எந்த மென்பொருளிலும் திறக்கும் வெற்றுரைக் கோப்பாக இரண்டு இடங்களில் வையுங்கள். மாற்றியதை ஒருமுறை கண்ணால் படித்துப் பாருங்கள். மாற்றி நிரல்கள் கொம்பையும் காலையும் இடம்மாற்றிவிடும்.

அந்த அனகாபுத்தூர்க் கடைக்கு வருவோம். அன்று ஊமையான கோப்புகளுள் ஒன்று, முதிய நெசவாளர் ஒருவர் எழுதித் தந்த தறிச்சொற் பட்டியல். 2003-இல் தட்டெழுதியது. பாவாற்றி, படைமரம், பன்னை, விழுது, தார்க்குச்சி என்று தொடங்கி, எந்த அகரமுதலியிலும் நாம் கண்டிராத சொற்கள் வரை அவர் தம் நினைவிலிருந்து சொல்லச் சொல்லக் கடைக்காரர் கோத்தது. கையெழுத்துப் படி எங்கோ தொலைந்தது. அப்பெரியவரும் மறைந்துவிட்டார். பட்டியல் இருந்தது அந்த ஒரு பெட்டியில் மட்டுமே.

இளைஞரும் கடைக்காரரும் புதிய தளம் இருந்த வன்தட்டைக் கழற்றிவிட்டனர். பழைய பெட்டியொன்றை ஆக்கர்க் கடையிலிருந்து வாங்கி, அதில் பழைய தளத்தை நிறுவி, மென்பொருளை ஏற்றி, இரண்டு இரவு விழித்துக் கோப்புகளைத் திறந்தனர். தமிழ் தெரிந்தது. பட்டியல் முழுவதையும் ஒருங்குறிக்கு மாற்றி நமக்கும் ஒரு படி கொடுத்தனர். அதை அடுத்த திங்கள் முதல் இவ்விதழில் வெளியிடுவோம்.

மூன்று சொற்கள் மட்டும் மாற்றும்போது சிதைந்துவிட்டன. பழைய கோப்பிலும் அவ்விடத்தில் எழுத்துருவில் இல்லாத ஒரு குறியே நிற்கிறது. தட்டெழுதும்போதே நேர்ந்த பிழை போலும். அவற்றின் பொருள் விளக்கம் மட்டும் எஞ்சியுள்ளது: ஒன்று, பாவில் அறுந்த இழையை முடிச்சுத் தெரியாமல் இணைக்கும் முறை, ஒன்று, மழைக்காலத்தில் குழித்தறிக்குள் ஊறும் ஈரம், ஒன்று, பிழைபட்ட ஊடையைப் பிரித்தெடுக்கும் சிறுகோல். அனகாபுத்தூர், பம்மல், பொழிச்சலூர்ப் பக்கத்து மூத்த நெசவாளர்கள் இவற்றுக்கு வழங்கிய சொல் நினைவிருந்தால் ஆசிரியர்க்கு எழுதியனுப்ப வேண்டுகிறோம்.